ஏழு அம்பு வாங்கிய மடிக்கணினி

ஒரு நாளைக்கு அறுநூற்று நாற்பது சட்டை. ஒரு சட்டைக்கு நாற்பத்தைந்து நொடி. எட்டு மணி நேரத்தை இப்படி வகுத்தால் நடுவில் கொட்டாவி விடக்கூட இடம் கிடையாது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் கடைசி மேசையில், பதினெட்டு வருடமாக, அம்பக்காவின் பொழுது இந்தக் கணக்கில்தான் போகிறது.

தையல், பொத்தான், தேய்ப்பு எல்லாம் முடிந்து வந்த சட்டை பெட்டிக்குள் போகுமுன் கடைசியாக ஒரு மனிதக் கண்ணில் படும் இடம் அது. தலைக்கு மேல் இரண்டு குழல்விளக்கு. காலர், தோள், கை, கைப்பட்டி, முன்பட்டி, பொத்தான், பக்கத் தையல், கீழ்மடிப்பு. பிறகு ஒரே உதறலில் உள்பக்கத்தை வெளியே திருப்பி மறுபடி ஒரு சுற்று. குறை தெரிந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு வாங்கிய சட்டை திருத்தத்துக்குத் திரும்பும். ஸ்டிக்கர் தாள் எந்நேரமும் அவருடைய இடது முன்கையில் ஒட்டியிருக்கும். வேலை முடிந்து பேருந்தில் ஏறும்போதும் நாலைந்து அம்பு புறங்கையில் இருக்கும். பெயர் வந்தது அப்படித்தான். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

அந்த மேசைக்கு இன்னொரு சட்டமும் உண்டு. திருத்தி வந்த சட்டையிலிருந்து அம்பை உரித்து, பசைத் தடத்தைத் துடைத்த பிறகுதான் பெட்டி. நாலு வருடத்துக்கு முன்பு ஒரே ஒரு அம்பு எப்படியோ தப்பிக் கடல் தாண்டிப் போய்விட்டது. வாங்கியவர்கள் படம் எடுத்து அனுப்பினார்கள். மேற்பார்வையாளர் அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து அம்பக்காவின் மேசைக்கு நேர் எதிரே ஒட்டினார். அந்த வருட ஊக்கத்தொகை அதோடு போயிற்று. அன்றிலிருந்து எதில் ஸ்டிக்கரைக் கண்டாலும் அவருடைய கட்டைவிரல் நகம் தானாக அதன் ஓரத்தைத் தேடிப் போகும். வீட்டில் தட்டு, டம்ளர், குளிர்பெட்டி, கடையில் வாங்கி வந்த ஆப்பிள், எதிலும் ஒட்டியது ஒட்டியபடி இருந்ததில்லை.

யாரும் அவரை ஏமாற்றியதில்லை என்பது தெருவே அறிந்த செய்தி. பக்கத்து வீட்டில் கட்டில் வாங்கினாலும், எதிர்வீட்டில் கதவு மாற்றினாலும், அம்பக்கா வந்து ஒரு பார்வை பார்த்தால்தான் பணம் கைமாறும். மாதத்தில் இருபது நாள் லாரியோடு சுற்றும் கணவருக்கு அதில் தனிப் பெருமை. “உன் கண்ணுக்குத் தப்பி வந்த ஒரே பழுதான சாமான் நான்தான்” என்பார்.

அதனால், கட்டடக்கலை முதலாண்டு சேர்ந்த மகளுக்கு மடிக்கணினி வாங்க வேண்டும் என்றபோது யார் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை.

மகளுக்குக் கிடைத்தது கட்டணச் சலுகையோடு கூடிய இடம். சலுகைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. முதல் பருவத்தில் மூன்று வரைபட ஒப்படைப்புகள். மூன்றும் குறித்த நாளில் போக வேண்டும். ஒன்று தவறினாலும் அடுத்த பருவத்திலிருந்து முழுக் கட்டணம். முழுக் கட்டணம் என்றால் படிப்பு அதோடு நின்றுவிடும்; அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. துறை அலுவலகம் ஒரு பட்டியல் கொடுத்திருந்தது: இவ்வளவு மெமரி, இந்த வகைப் பிராசசர், தனியாக ஒரு கிராஃபிக்ஸ் சிப். பட்டியலில் கண்டபடி புதிதாக வாங்கினால் அம்பக்காவின் பதினொரு மாதச் சேமிப்பு பாதிக்குத்தான் போதும். ஆகவே பழைய மடிக்கணினிகளைச் சரிபார்த்து விற்கும் கடைக்குப் போனார்கள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

டயர்க் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், நீளமான ஒற்றை அறை. படிக்கட்டு வரை ரப்பர் வாசனை. கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கலாம்; காதில் பென்சில். பட்டியலையும் கையில் உள்ள தொகையையும் கேட்டுக்கொண்டு மூன்று மடிக்கணினிகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார்.

அம்பக்கா கேட்ட முதல் கேள்வி, “தம்பி, இதைவிட வெளிச்சமா ஒரு லைட் இருக்கா?”

கடைக்காரர் மேசை விளக்கை நகர்த்திக் கொடுத்தார். அம்பக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். முன்கையில் ஸ்டிக்கர் தாள் இருந்தது. விடுமுறை நாளில் அது எதற்கு என்று மகள் வீட்டிலேயே கேட்டுப் பார்த்துவிட்டாள்.

முதல் கணினியின் திரையில் மேல் ஓரம் மங்கல். அம்பு. அது நகர்த்தி வைக்கப்பட்டது. மூன்றாவதை எடுத்தார். மூடியில் குறுக்கே ஒரு கீறல், அம்பு. இடது மூலையில் நசுங்கல், அம்பு. நாலைந்து விசையில் எழுத்தே தேய்ந்துவிட்டிருந்தது, அம்பு. மணிக்கட்டு படும் இடம் வழவழப்பு, அம்பு. திறக்கும் கீல் இறுக்கம், அம்பு. அடியில் ஒரு ரப்பர் கால் காணோம், அம்பு. சார்ஜர் வயர் பழுப்பு, அம்பு.

“அக்கா, கணினி வாங்க வந்தீங்களா, அதுக்கு அம்மை குத்த வந்தீங்களா?” என்றார் கடைக்காரர்.

“பார்த்துத்தானே வாங்கணும், தம்பி.”

“பாருங்க, வேணாம்னு சொல்லல. ஆனா இது கட்டடம் வரையற ஆபீஸ்ல ஓடின மெஷின். மேலதான் அடி. உள்ள பாப்பா லிஸ்ட்ல இருக்கறது அத்தனையும் இருக்கு. அடிபட்டதாலதான் இந்த விலைக்கே வருது.”

மகள் மெதுவாக, “அம்மா, அவர் சொல்றது சரிதான். தனி சிப் இதுல மட்டும்தான் இருக்கு” என்றாள்.

“ஏழு அம்புடி. எங்க மேசையில ஏழு அம்பு வாங்கின சட்டையைத் தூசி துடைக்கக்கூட எடுக்க மாட்டாங்க. மூடியை இப்படிப் போட்டு வெச்சவன் உள்ளே மட்டும் பூப்போலவா வெச்சிருப்பான்?”

இரண்டாவது கணினி முன்பு ஏதோ அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் இருந்ததாம். ரசீது தட்டுவதைத் தவிர வேறு வேலை பார்த்ததில்லையாம். அம்பக்கா அதை வெளிச்சத்தில் சாய்த்தார், திருப்பினார், அடியில் உள்ள திருகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஓரத்தை விரலால் தடவினார். முன்கைத் தாளிலிருந்து ஓர் அம்புகூட நகரவில்லை.

“இதுல வரையலாமா, தம்பி?”

“வரையலாம். கொஞ்சம் மெதுவா இருக்கும்.”

“மெதுவா வரைஞ்சாத்தான் கோடு நேரா வரும்” என்றார் அம்பக்கா.

மகள் இன்னொரு தடவையும் சொன்னாள், பிறகு மூன்றாவது தடவையும். அதற்குமேல் சொல்லவில்லை. அம்மாவின் கண் பதினெட்டு வருடமாக அந்த வீட்டுக்குச் சோறு போட்ட கண். கடையில், அந்நியர் ஒருவர் முன்னால், அது தவறு என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. “சரிம்மா” என்றாள். கடைக்காரர் ரசீதை மகளிடம் கொடுத்து, பின்பக்கத்தைக் காட்டி ஏதோ விளக்கினார். அம்பக்கா அப்போது பையின் ஜிப்பை நாலு தடவை திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் மேசைக்கு ஒரு மிட்டாய் வீதம் கொடுத்தார். “எம் பொண்ணு வீடு கட்டப்போற மெஷின்” என்று எல்லோரிடமும் சொன்னார். பொத்தான் பிரிவு அக்கா, “எனக்கும் ஒண்ணு கட்டச் சொல்லு, ஹவுஸ் ஓனர் தொல்லை தாங்கல” என்றாள்.

செவ்வாய் முழுக்க வீட்டில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. புதனன்று ஒன்று கவனித்தார்: மகள் ஒரு விசையைத் தட்டிவிட்டு எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவினாள், திரும்பி வந்து இன்னொன்றைத் தட்டிவிட்டுத் துணி மடித்தாள். படிக்கிற பிள்ளை வீட்டு வேலையும் பார்க்கிறதே என்று அம்பக்கா மகிழ்ந்தார். வியாழனன்று கேட்டார்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கும்மா.”

அந்தப் பதிலில் ஒரு பிசிறு இருந்தது. சட்டையில் இருந்திருந்தால் எடுத்திருப்பார்.

சனிக்கிழமை மாலை வேலை முடிந்து சீக்கிரமே வந்தார். மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு வீடு. சுவர் இருந்தது, சன்னல் இருந்தது, கூரை இல்லை. நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அம்பக்கா பின்னால் நின்று பார்த்தார். நேரத்தைச் சட்டையால் அளப்பது அவருடைய பழக்கம். மனசுக்குள் காலர், தோள், கை என்று ஓடி ஒரு சட்டை முடிந்தது. வட்டம் சுற்றியது. இரண்டாவது சட்டை. மூன்றாவது. ஆறாவது சட்டை முடியும்போது திரை முழுக்க வெளுத்து, வீடு காணாமல் போயிற்று. மகள் அசையவில்லை. கூரை போடும்போது வீடு போய்விடுவது அவளுக்குப் புதிதல்ல என்பது அந்த உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

“எத்தனை நாளா?” என்றார் அம்பக்கா.

மகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “வந்துட்டியா?”

“எத்தனை நாளாடி இப்படி?”

“முதல் நாள்லேர்ந்து.”

“ஏன் சொல்லல?”

“கடையில மூணு தடவை சொன்னேனேம்மா.”

“அதுக்கப்புறம் ஏன் சொல்லல?”

“அதுக்குள்ள நீ ஃபேக்டரி முழுக்க மிட்டாய் குடுத்துட்ட.”

அம்பக்கா கட்டிலில் உட்கார்ந்தார். சட்டை என்றால் உள்பக்கத்தை உதறித் திருப்பிவிடலாம். இதைத் திருப்ப முடியாது என்பது அந்தக் கடையில் ஏன் தோன்றவில்லை? பதினெட்டு வருடத்தில் அவர் பெட்டிக்குள் விட்ட இரண்டாவது தப்பு இது. முதலாவது யாரோ முன்பின் தெரியாதவர் சட்டையில் போயிற்று.

“எப்ப குடுக்கணும்?”

“புதன்கிழமை. முதல் ஒப்படைப்பு.” மகள் அவசரமாகத் தொடர்ந்தாள். “ஆனா ஒண்ணு இருக்கும்மா. ஏழு நாளுக்குள்ள மாத்திக்கலாம்னு ரசீதுல இருக்கு. நாளையோட முடியுது. இன்னைக்கு உன்கிட்ட எப்படியாவது சொல்லிடணும்னுதான் இருந்தேன். அந்த மூணாவது மெஷின் இன்னும் விக்காம இருந்தா போதும். அடியில அவங்க ஒட்டின சீல் மட்டும் கிழியாம...”

சொல்லிக்கொண்டே கணினியை அணைத்துக் கவிழ்த்தாள். வாக்கியம் பாதியில் நின்றது.

அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. சீல் மட்டுமல்ல, எண் எழுதிய தாள், பார்கோடு, எதுவும் இல்லை. பசைத் தடம்கூட இல்லை.

“அம்மா, இங்க ஒரு சின்ன வெள்ளி ஸ்டிக்கர் இருந்துச்சு. மூடி சேர்ற ஓரத்துல. நகம் அளவு.”

அம்பக்காவுக்கு அது நன்றாக நினைவிருந்தது. திங்கட்கிழமை காலை, மகள் கல்லூரிக்குப் போன பிறகு, வேலைக்குக் கிளம்புமுன் பத்து நிமிடம் இருந்தது. புதுப் பொருள் வீட்டுக்கு வந்தால் செய்வதைத்தான் செய்தார். எல்லாவற்றிலும் அந்த வெள்ளி ஸ்டிக்கர்தான் அடம்பிடித்தது. துண்டு துண்டாக வந்தது. எண்ணெய் தொட்டு, பஞ்சால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத் திருப்திப்பட்டிருந்தார்.

“நான்தான் எடுத்தேன்” என்றார்.

மகள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவள் திட்டவில்லை. ரசீதை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

மறுநாள் கடை திறக்கும்போதே இருவரும் படிக்கட்டில் நின்றார்கள். மகள் வழியெல்லாம் ஒரு யோசனை சொல்லிக்கொண்டு வந்தாள்: வாங்கும்போதே சீல் இல்லை என்று சொல்லிவிடலாம். அம்பக்கா விறுவிறுவென ஏறினார்.

கடைக்காரர் கணினியைத் திருப்பிப் பார்த்தார். “சீல் எங்கக்கா?”

“நான் எடுத்துட்டேன்.”

“எதுக்கு?”

“ஸ்டிக்கர் இருந்துச்சு. எடுத்துட்டேன்.”

அவர் விளக்கம் கேட்பதுபோல மகளைப் பார்த்தார். “பழக்கம் அண்ணா” என்றாள் மகள். “எங்க வீட்ல ஆப்பிள்ல ஒட்டினதுகூட இருக்காது.”

கடைக்காரர் சிரிக்கவில்லை. “சீல் இல்லாம நான் எப்படி எடுக்கறது? திறந்து உள்ள சாமானை மாத்திட்டுக் கொண்டுவர்ற ஆளுங்க இருக்காங்க. உங்களைச் சொல்லல. பொதுவாச் சொல்றேன்.”

பொதுவாகச் சொன்னதுதான். ஆனாலும் அம்பக்காவின் காது சூடாயிற்று. சந்தேகப்படுவது பதினெட்டு வருடமாக அவருடைய வேலை. சந்தேகப்படும் பக்கத்திலேயே நின்றவருக்கு எதிர்ப்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கவில்லை. கைப்பையை மேசை மேல் வைத்தார்.

“தம்பி, அந்த லைட்டை இப்படித் திருப்புங்க. அடியில பதினோரு திருகு. அன்னைக்கு நான் பார்க்கும்போது ரெண்டுலதான் கீறல். சார்ஜர் சொருகற மூலையில ஒண்ணு, நடுவுல ஒண்ணு. நடுவுல இருக்கறது சாய்வா, இடது பக்கம் மட்டும் மின்னும். இன்னைக்கும் அதே ரெண்டுதான். திருப்புளி பட்டிருந்தா மீதி ஒன்பதும் சொல்லிடும். விக்கப் போடும்போது அடிப்பக்கம் படம் எடுத்திருப்பீங்கல்ல? எடுத்துப் பாருங்க.”

கடைக்காரர் படத்தைத் தேடி எடுத்தார். திரையில் பெரிதாக்கினார். காதுப் பென்சிலால் ஒவ்வொரு திருகாகத் தொட்டு, மேசையில் உள்ளதையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு கீறல். நடுவில் உள்ளது சாய்வாக, இடது பக்கம் மட்டும்.

“அக்கா, நீங்க என் கடைக்கு வேலைக்கு வந்துருங்க.”

“நான் வந்தா உங்க சரக்குல பாதி வாசல்லயே நிக்கும்.”

இப்போது அவர் சிரித்தார். ஆனால் சிரிப்பு வியாபாரத்தை முழுக்கக் கரைத்துவிடவில்லை. திறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் சீலும் எண்ணும் போன பொருளுக்கு அவரால் உத்தரவாதம் தந்து விற்க முடியாது. கொடுத்த விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துத்தான் எடுப்பார். இரண்டுக்கும் விலை ஒன்றுதான்; மூன்றாவது கணினி வேண்டுமானால் அந்த ஐந்தில் ஒரு பங்கைக் கட்டி இதைக் கொடுத்து அதை எடுத்துக்கொள்ளலாம். அம்பக்கா கைப்பையைத் திறக்கவில்லை. பேருந்துக்குப் போக அதில் என்ன இருக்கும் என்று மகளுக்கும் தெரியும்.

“அது இன்னும் இருக்கா?” என்று கேட்டாள் மகள்.

“இருக்காம எங்க போகும்? இந்த வாரம் நாலு பேர் கையில எடுத்தாங்க. உங்கம்மா ஒட்டினதைப் பார்த்துட்டு நாலு பேரும் கீழ வெச்சுட்டாங்க.” அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார். ஏழு அம்பும் ஒட்டியது ஒட்டியபடி இருந்தன. “எடுக்கணும்னு இருந்தேன், நேரமில்ல.”

மகள் அதைத் திறந்தாள். கீல் இறுக்கமாகத்தான் இருந்தது. கடைக்காரரின் அனுமதியோடு தன் பென்டிரைவைச் சொருகி வீட்டைத் திறந்தாள். அம்பக்கா மனசுக்குள் காலரிலிருந்து தொடங்கினார். தோளுக்கு வருவதற்குள் வீடு வந்துவிட்டது. மகள் கூரையைப் போட்டாள். வீடு அப்படியே நின்றது. அவள் அதை இடமும் வலமும் சுற்றிக் காட்டினாள்.

“சம்பளம் சனிக்கிழமை” என்றார் அம்பக்கா. “அதுவரைக்கும் வெச்சிருப்பீங்களா, தம்பி?”

“வெச்சிருக்கேன்னு வாக்குக் குடுக்க முடியாதுக்கா. கேட்டு வர்றவங்களுக்கு இல்லன்னு சொல்ல மாட்டேன். யாரும் எடுக்கலன்னா உங்களுக்கு. உங்க பழைய மெஷினுக்கு இதே விலை. அதுக்கு நான் பொறுப்பு.”

அம்பக்கா தலையாட்டினார். கணினியை மூடும்போது, மூடிக் கீறலின் பக்கத்தில் உள்ள முதல் அம்பின் ஓரத்துக்கு அவருடைய கட்டைவிரல் நகம் போயிற்று. மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்பு இருக்கட்டும்மா. இருந்தாத்தான் வேற யாரும் வாங்க மாட்டாங்க.”

கீழே டயர்க் கடையில் யாரோ சக்கரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு மகள், கல்லூரிக் கணினி அறையில் பட்டியலில் சொன்ன மாதிரி கணினி நாலு இருப்பதாகவும், அறுபது பேர் வரிசையில் நிற்பதாகவும் சொன்னாள். சொல்லிவிட்டு, “முன்னாடி போனா கிடைக்கும்” என்றாள்.

திங்கட்கிழமை காலை ஆறேகால் பேருந்தில் அவள் கிளம்பினாள். கணினி அறை எட்டு மணிக்குத் திறக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஒப்படைப்பு முடிகிறது.